காற்றுக்குத் திறப்பு விழா

சும்மா கிடைப்பதைச் சும்மா விட்டுவைக்கக் கூடாது என்பது எங்கள் மாநகராட்சியின் கொள்கை. அதற்கென்றே ஒரு வாரியம் வைத்திருக்கிறார்கள். இலவச இன்ப மேம்பாட்டு வாரியம் என்று பெயர். ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிற கட்டடம் அது. அதற்குள் என்ன நடக்கிறது என்று நெடுநாள் எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷம்தான் பிறகு வினையாக முடிந்தது.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி, குக்கர், இஸ்திரிப்பெட்டி என்று எதை வாங்கினாலும் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் முதல் காரியமாக அதைத் தூக்கிப் போடுவீர்கள். அதை எழுதுகிறவன் நான். கம்பெனி வேறு தேசத்தில் இருக்கிறது. நான் இங்கே இருந்தபடியே மடிக்கணினியில் எழுதி அனுப்புகிறேன். 'ஈரக் கையால் தொடாதீர்' என்ற வாக்கியத்தை என் அளவுக்கு எழுதியவன் உலகத்தில் இருக்க மாட்டான்.

வீட்டிலிருந்தே வேலை என்றால் முதலில் வீடு வேண்டும். எனக்கு இருந்தது ஓர் அறை. கட்டில் போட்டால் நாற்காலி போட இடமில்லை. நாற்காலி போட்டால் கதவு திறக்காது. வாடகை மட்டும் கொள்ளை மலிவு. ஏன் மலிவு என்று குடிபோன மறுநாள்தான் விளங்கியது. கீழே ஒரு பேண்டு வாத்தியக் குழுவின் ஒத்திகைக் கூடம். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரைக்கும் விடமாட்டார்கள். பெரிய முரசு அடிக்கும்போது என் கட்டில் தானாகவே நகர்ந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கும்.

ஆகவே பகல் முழுக்க நான் ஊருக்குள் இருந்தேன். பெரிய ஊர். காசு கொடுத்து அனுபவிக்கிறவனுக்கு அது சீக்கிரம் சலித்துவிடும். கொடுக்காமல் அனுபவிக்கிறவனுக்குத்தான் முழுசாகத் தெரியும். எந்தத் துணிக்கடையின் வாசற்கதவு திறந்தால் குளிர்காற்று நடைபாதை வரைக்கும் வரும், எந்த மருத்துவமனைக் கூடத்தில் கிழியாத வாரப் பத்திரிகை கிடைக்கும், எந்த அத்தர்க் கடையில் மாதிரிப் புட்டியை இரண்டு தடவை அடித்துக்கொண்டாலும் முறைக்க மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சோபாக் கடையில் ஒரு விற்பனையாளர், "நிதானமா உக்காந்து பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அவர் நிதானமாகச் சாப்பிடுகிறவர். ஒரு இஸ்திரிப்பெட்டிப் புத்தகத்தையே அங்கே எழுதி முடித்திருக்கிறேன்.

அக்கா வீட்டுக்காரர் எனக்கு ஓசிராசா என்று பட்டம் கொடுத்திருந்தார். இரும்புக் கடைக்காரர். அவர் வாயில் அதைவிட நயமாக ஒன்றை எதிர்பார்க்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

"மாப்ளே, வேல இருக்கா போயிருச்சா?"

"இருக்கு மாமா."

"அந்தப் பொட்டி தட்டுற வேல எப்ப வேணா போகும். போனா கூச்சப்படாம வந்துரு. கடையில ஆணி எட போட ஆள் இல்ல."

ஆணி எடை போடுவதில் எனக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, தான் வெறும் கையோடு வந்து முன்னுக்கு வந்த கதையைக் கடை சாத்தும் வரை சொல்வார். சாத்திய பிறகு வீட்டிலும் சொல்வார். அதற்கு பேண்டு வாத்தியம் தேவலை.

வேலை போகிற வழியும் தெரிந்தே இருந்தது. தினமும் நாலு மணிக்கு மேலாளரம்மா கணினியில் முகம் காட்டிப் பேசுவார். ஒருநாள் அறையிலிருந்து பேசித் தொலைத்தேன். "உங்க பின்னாடி என்ன, படையெடுத்து வர்றாங்களா?" என்று கேட்டார். பிறகு சிரிக்காமல், "இன்னொரு தடவ இப்படி சத்தம் கேட்டா நீங்க வேற எடம் பாத்துக்கோங்க" என்றார். அவர் சொன்னது உட்காருகிற இடத்தை அல்ல.

அப்படித் தேடிக் கண்டுபிடித்ததுதான் அந்த பெஞ்சு. ஆற்றங்கரைப் பூங்காவில், கோடியில், ஒரு மரத்தடியில் கிடந்தது. மாநகராட்சியின் இலவச வைஃபை பூங்கா முழுக்க வருவதாகப் பலகை சொன்னது. உண்மையில் அந்த ஒரு பெஞ்சில்தான் வந்தது. ஆற்றுக் காற்று வேறு. சத்தமே கிடையாது. பக்கத்துப் பெஞ்சில் இரவு வேலை முடித்துவிட்டு வந்த நர்ஸம்மா ஒருவர் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குவார். அவர் வீட்டில் நாலு பிள்ளைகள், தூங்க முடியாது. என் பெஞ்சின் மறுமுனையில் லிஃப்ட்காரர். ஆயுசு முழுக்க ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். மூடின கதவையே பார்த்து வாழ்ந்தவர் இப்போது ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணி பக்கவாட்டுல போகுது தம்பி" என்றார். "ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. நல்லாருக்கு."

இப்படி மூன்று பேரும் நிம்மதியாக இருந்தபோதுதான் வாரியத்தின் துணை இயக்குநர் வந்தார். அவருக்கு ஓர் உதவியாளர் குடை பிடித்தார். மரத்தடிக்கு வந்த பிறகும் மடக்காமல் பிடித்தார்.

"இங்க என்ன பண்றீங்க?" என்று என்னைக் கேட்டார் துணை இயக்குநர்.

"சும்மா காத்து வாங்கறேன் சார்."

"யாரு குடுக்கறா?"

வேடிக்கை பேசுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அது வேடிக்கைக்குப் பழக்கமில்லாத முகம்.

"யாரும் குடுக்கல சார். அதுவா வருது."

"கேட்டுக்கோங்க" என்றார் உதவியாளரிடம். "அதுவா வருதாம்." பிறகு என் பக்கம் குனிந்தார். "சந்தோஷமா இருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்கு விவரம் தெரிந்த எவனும் நேராகப் பதில் சொல்ல மாட்டான். ஏதோ ஓடுது என்பான், உங்க புண்ணியம் என்பான். எனக்கு அன்றைக்கு ஒரு குக்கர் புத்தகம் முடிந்திருந்தது. காற்றும் நன்றாக இருந்தது. "ரொம்ப சந்தோஷமா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டேன். தவளை தன் வாயால் கெடும்.

துணை இயக்குநர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உங்களத்தான் சார் இத்தன வருஷமா தேடறோம். எங்க வாரியத்துல கட்டடம் இருக்கு, காரு இருக்கு, பதவி உயர்வு இருக்கு. பயனாளிதான் இல்ல. பூங்காவுல உக்காந்திருக்கறவனக் கேட்டா, பொழுது போகலங்கறான். ஆத்தப் பாக்கறவனக் கேட்டா, வீட்டுல சண்டங்கறான். மனசு தொறந்து சந்தோஷமா இருக்கேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணணும்?"

"நீங்க எதுவும் பண்ண வேணாம். இனிமே எல்லாம் நாங்க பண்ணிக்கறோம்."

அதைக் கேட்டதும் லிஃப்ட்காரர் எழுந்து தூரத்துப் பெஞ்சுக்குப் போய்விட்டார். அனுபவஸ்தர்.

மறுநாள் என் பெஞ்சுக்கு எதிரே ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. அதில் ஒருவர் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். மகிழ்ச்சிக் கண்காணிப்பாளர் என்று தெரிந்தது. எழுதும்போது எனக்குப் புருவம் சுருங்கும். சுருங்கினால் போதும், "என்னங்க, கொறஞ்சிருச்சா?" என்று எழுந்து வந்துவிடுவார். அவருக்காகவே, மின்கசிவால் உயிரிழப்பு நேரிடலாம் என்கிற அத்தியாயத்தைப் பல்லைக் காட்டியபடி எழுதினேன். நர்ஸம்மாவின் பாடு இன்னும் மோசம். தூங்குகிறவர் அனுபவிக்கிறாரா இல்லையா என்று கண்காணிப்பாளருக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அதனால் அடிக்கடி எழுப்பிக் கேட்டார்.

அடுத்து மரக்கிளையை வெட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. துணை இயக்குநரிடமே கேட்டுவிட்டேன்.

"நெழல் தோட்டத் துறையோடது சார்" என்று விளக்கினார். "காத்து மட்டும்தான் நம்ம துறை. அவங்க நெழல்ல நீங்க சந்தோஷமா இருந்து, அது அவங்க கணக்குல போயிருச்சுன்னா? வயித்தெரிச்சல் இல்லையா?"

வெட்டிய கிளைக்குப் பதிலாக ஒரு பெரிய குடை நட்டார்கள். அதில் வாரியத் தலைவரின் படம் இருந்தது. வெயில் அவர் காதிலிருந்த கிழிசல் வழியாக என் மேல் விழுந்தது.

என் தொழில் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். "அட, நம்ம வீட்டு ஆளா நீங்க" என்று துணை இயக்குநர் பரவசப்பட்டார். "காத்துக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க சார். எப்படி வாங்கணும்னு தெரியாம மக்கள் பாட்டுக்கு வாங்கிட்டு இருக்காங்க." எரிச்சலில் அங்கேயே எழுதிக் கொடுத்தேன். ஆற்றைப் பார்த்து உட்காரவும். வாயை மூடிக்கொள்ளவும். காற்று வராவிட்டால் காத்திருக்கவும். அப்போதும் வராவிட்டால் வீட்டுக்குப் போகவும். கடைசியில், கை பழக்கத்தில், ஈரக் கையால் தொடாதீர் என்றும் எழுதிவிட்டேன்.

அவருக்கு அந்தக் கடைசி வரிதான் மிகவும் பிடித்தது. "பாதுகாப்பு விதி இல்லாம பொதுமக்களுக்கு எதையும் குடுக்கக் கூடாது சார்" என்றார். ஆள் உயரத்துக்குப் பலகை வந்தது. காற்றை ஈரக் கையால் தொடாதீர். அதை அமல்படுத்த ஒரு காவலாளியும் வந்தார். பூங்காக் குழாயில் கை கழுவிவிட்டு வருகிறவர்களை மடக்கி நிறுத்தி, காய்ந்த பிறகு விட்டார். காற்று இல்லாத பக்கமாக நிறுத்தியதால் காய்வதற்கு வெகுநேரம் ஆனது.

ஒருநாள் போய்ப் பார்த்தால் ஆற்றுப் பக்கம் முழுக்கத் தார்ப்பாய் கட்டியிருந்தது. துளிக் காற்று இல்லை.

"இது இன்னும் தொறக்காத காத்து" என்றார் காவலாளி. "தலைவர் வந்து தொறந்து வைக்கற வரைக்கும் யாரும் வாங்கக் கூடாது."

விழா அன்றைக்கே மூன்று மணிக்கு என்று சொன்னார்கள். பெஞ்சுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மேடை. மேடையில் புழுக்கம் தாங்காமல் வாடகைக்கு மின்விசிறிகள். என் சட்டையில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு துணிப்பூவைக் குத்தி, நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மடிக்கணினியைப் பறித்து மேஜைக்கு அடியில் வைத்தார்கள். பிறகு வாத்தியக் குழு வந்தது. எக்காளம் வைத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"மாடி சாரு, நீங்களா? ஒத்திகையெல்லாம் கேட்டிருப்பீங்க. அசல் இன்னைக்குத்தான்."

மூன்று மணி நாலு ஆனது. தலைவர் வரவில்லை. அவர் வரும் வரை நிறுத்தாமல் வாசிக்கும்படி உத்தரவு. மேஜைக்கு அடியில் என் கணினி அழைத்தது. எடுக்காவிட்டால் வேலை போகும், எடுத்தாலும் போகும். குனிந்து, மேஜை விரிப்புக்குள் தலையை விட்டு எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க? என்ன சத்தம் அது?" என்றார் மேலாளரம்மா.

"ஒரு காத்துக்குத் திறப்பு விழா மேடம்."

மேலாளரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "அடுத்த வாரம் ஜூஸர் கம்பெனி முதலாளி உங்ககிட்ட நேரடியாப் பேசணும்ங்கறார். அவர் புத்தகம் நம்ம கைக்கு வந்தாத்தான் உங்க வேல நெலைக்கும். அன்னைக்கு உங்க பக்கத்துல ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் அதோட சரி. இது கடைசித் தடவ."

விரிப்புக்குள்ளிருந்து தலையை எடுத்தபோது எனக்குக் கண்ணுக்கு முன்னால் ஆணிதான் தெரிந்தது. அரை அங்குல ஆணி, முக்கால் அங்குல ஆணி, நடுவில் மாமா.

தலைவர் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஊர் மக்களுக்கு ஆறு இருந்துச்சு. காத்து இருந்துச்சு. சூரியன் இருந்துச்சு. ஆனா என்ன இல்ல? நாம இல்ல. நாம இல்லாமலே இந்த மக்கள் இத்தன காலம் சந்தோஷமா இருந்திருக்காங்க. நெனச்சாலே நெஞ்சு பதறுது. இனி ஒருநாளும் அந்த நெலம இவங்களுக்கு வராதுன்னு இந்த மேடையில நான் உறுதி குடுக்கறேன்."

பலத்த கைதட்டல். தலைவர் நாடாவைக் கத்தரித்ததும் தார்ப்பாய் விழுந்தது. மேடை மறைத்ததால் காற்று யாருக்கும் வரவில்லை. ஆனாலும் எல்லோரும் ஆகா என்றார்கள்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது சூரிய அஸ்தமனத்தைத் தொடங்கி வைத்தல். சூரியன் தலைவருக்காகக் காத்திருக்காமல் எப்போதோ போயிருந்தது. துணை இயக்குநர் அசரவில்லை. மின் ஊழியரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். பெரிய மஞ்சள் விளக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி, கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினார்கள். தலைவர் கையசைக்க, அது தத்தித் தத்தி இறங்கியது. புகைப்படக்காரர் தவறவிட்டுவிட்டார். "மறுபடி ஏத்துப்பா" என்றார் துணை இயக்குநர். ஏற்றினார்கள். பாதியில் கயிறு சிக்கிக்கொண்டது. ஒருவர் ஏணி வைத்து ஏறி, சூரியனைக் கையால் பிடித்து இறக்கிவிட்டார். கூட்டத்தின் கடைசியில் நின்ற லிஃப்ட்காரரின் முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"எதுல இருந்து தப்பிச்சு இங்க வந்தேனோ, அதயே இங்கயும் கொண்டாந்துட்டாங்க தம்பி" என்றார், மேடையை விட்டு இறங்கி வந்த என்னிடம்.

அடுத்த நாள் பெஞ்சைச் சுற்றிக் கம்பிவேலி. வாசலில் காவலாளி.

"பொட்டி கொண்டு போகக் கூடாது. வேல செய்யறவன் சந்தோஷமா இருக்கான்னு வாரியம் ஒத்துக்கறது இல்ல."

"என்ன வச்சுத்தாங்க இந்த விழாவே நடந்தது. அந்தப் படத்தப் பாருங்க, அது நான்தான்."

வேலிக்கு மேல் என் படம் பத்தடி உயரத்துக்கு நின்றது. காவலாளி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவரு சிரிக்கறாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஜூஸர் முதலாளியோடு பேச இன்னும் சில நாட்களே இருந்தன. எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் பெஞ்சைத் திருப்பித் தரும்படி ஒரு மனுவோடு வாரியத்தின் கட்டடத்துக்கே போனேன்.

பொதுமக்கள் காத்திருப்புக் கூடம் என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூடம் ஒரு மைதானம் மாதிரி கிடந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. உச்சந்தலை குளிர்கிற மாதிரி ஏசி. சாய்ந்தால் ஆளை வாங்கிக்கொள்கிற மெத்தை நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிளக் பாயிண்ட். மூலையில் சில்லென்று குடிதண்ணீர். வைஃபையும் தடையில்லாமல் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரிகளின் இருக்கைகள் காலியாக இருந்தன. மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டு, இயந்திரம் துப்பிய டோக்கனோடு உட்கார்ந்தேன். என்ன ஒரு அமைதி. வேலை நடக்கிற இடத்தில்தானே சத்தம் இருக்கும்.

நாலு மணிக்குக் கணினி அழைத்தது. பயந்துகொண்டே எடுத்தேன். மேலாளரம்மா என் பின்னணியைப் பார்த்துவிட்டு, "அட, நல்ல ஆபீஸா புடிச்சுட்டீங்க போலிருக்கே" என்றார். அவர் வாயிலிருந்து நல்ல என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கூடத்துக்கும் ஒரு காவலாளி இருந்தார். மனிதர்களைப் பார்த்து நாளாகிவிட்டதால் நல்லவராக இருந்தார்.

"என் நம்பர் எப்பங்க வரும்?" என்று கேட்டேன்.

"வராது சார். நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து யாரையும் கூப்பிட்டுப் பாத்ததில்ல."

"நிச்சயமா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

எனக்கு உயிர் வந்தது. மறுநாளும் போனேன். மனுவோடு வந்தவனை வெளியே போகச் சொல்ல அவர்களுக்கு விதி இல்லை. ஆற்றங்கரையில் திண்டாடிக்கொண்டிருந்த லிஃப்ட்காரரிடமும் நர்ஸம்மாவிடமும் சொன்னேன். அவர்களும் ஆளுக்கொரு மனு எழுதிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா நாற்காலியில் சாய்ந்ததும் தூங்கிவிட்டார். லிஃப்ட்காரர் சுவரில் எரிந்த டோக்கன் எண்ணைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல" என்றார் திருப்தியாக.

விஷயம் மெல்லப் பரவியது. பூங்காவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் சுவரில் எண் திடீரென்று மாறியது. கூடமே பதறி எழுந்துவிட்டது. பல்பு மாத்தறாங்க, பயப்படாதீங்க என்று காவலாளி சொன்ன பிறகுதான் மூச்சு விட்டோம்.

ஜூஸர் நாள் வந்தது. நான் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, நாலு மணிக்காகக் காத்திருந்தேன். இன்னும் சில நிமிடங்கள்தான். அப்போது உள்கதவு திறந்தது. துணை இயக்குநர், கையில் என் மனுவோடு.

"அடேயப்பா" என்றார். "இந்தக் கூடம் நெறஞ்சு நான் பாத்ததே இல்ல." என்னைக் கண்டுகொண்டு நேரே வந்தார். அவர் கண்ணில் பழைய ஈரம். குனிந்தார். "சந்தோஷமா இருக்கீங்களா?"

ஆமாம் என்றால் கூடத்துக்குத் திறப்பு விழா. அது எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நர்ஸம்மா விழித்த வேகத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்கத் தொடங்கினார்.

"நரக வேதன சார்" என்றேன்.

"அப்படியா." அவர் முகம் வாடி, உடனே நிமிர்ந்தது. "அப்ப இதோ, உங்க மனுவ இப்பவே தீத்து வச்சிடறேன். பெஞ்ச உங்களுக்கே குடுத்துருவோம். எல்லாரும் கெளம்புங்க, ஊர்வலமாப் போய்த் தொறந்துரலாம். வாத்தியக்காரங்க கீழதான் நிக்கறாங்க, வேற ஒரு விழாவுக்கு வந்தாங்க. மேல வரச் சொல்லிடறேன்." போனை எடுத்தார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்றாலும் வாத்தியம், கஷ்டமாக இருக்கிறது என்றாலும் வாத்தியம். மாமாவின் தராசுத் தட்டு காதில் கலகலத்தது. வாழ்நாள் முழுக்க யாரும் படிக்காததை எழுதிப் பழகியவனுக்கு அந்த நேரத்தில்தான் புத்தி வேலை செய்தது.

"சார், இவ்வளவு பெரிய விஷயத்த நீங்க ஒருத்தரா முடிவு பண்ணலாமா?"

போன் பாதி வழியில் நின்றது. "ஏன்?"

"நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா, மாட்டிக்கறது நீங்க. ஒரு குழு போட்டுருங்க சார். குழு எல்லா ஊர் பெஞ்சையும் போய்ப் பாக்கட்டும்."

"எல்லா ஊரா?"

"வெளிநாட்டுலயும் பெஞ்சு இருக்கு சார்."

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தன வருஷத்துல நிர்வாகத்தப் புரிஞ்சுக்கிட்ட ஒரு பொதுஜனத்த இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். "ஆனா அதுவரைக்கும் நீங்கல்லாம்?"

"இங்கயே கஷ்டப்படறோம் சார்."

"ஏசி?"

"குளிர் தாங்க முடியல சார்."

"நாற்காலி?"

"முதுகெல்லாம் போச்சுய்யா" என்று லிஃப்ட்காரர் பின்னாலிருந்து முனகினார்.

துணை இயக்குநர் எழுந்தார். கூடத்தைப் பெருமையோடு ஒரு சுற்றுப் பார்த்தார். "நம்ம வேல எவ்வளவு பேரத் தொட்டிருக்குன்னு இந்த மொகங்களப் பாத்தாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, காவலாளியின் பக்கம் திரும்பினார். "குழு திரும்பி வர்ற வரைக்கும் இங்க ஒரு சாமானக்கூட யாரும் மாத்தக் கூடாது. இவங்கள யாரும் தொந்தரவு பண்ணவும் கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. கணினி அழைத்தது.

ஜூஸர் முதலாளி நல்ல மனிதர். இவ்வளவு அமைதியான ஆபீஸில் இருந்து பேசுகிறவர் பொறுப்பாகத்தான் எழுதுவார் என்றார். புத்தகம் எங்களுக்கே என்றார். என் வேலை நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொன்னபோது, "அதுக்கு ஏன் மாப்ளே எழவு வீட்டுல பேசற மாதிரி பேசற?" என்று கேட்டார். பழகிவிட்டது மாமா என்றேன்.

குழு எந்தெந்த தேசத்தில் எந்தெந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதோ தெரியாது. கூடத்தில் கூட்டம் மட்டும் கூடிக்கொண்டே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள்தான் தொல்லை. குளிர் மேலே பட்டதும் விவரம் தெரியாமல் சிரித்துவிடுகிறார்கள். எல்லோருமாக என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். ஒரே பக்கத்தில் எழுதினேன். காவலாளியே பிரதி எடுத்து வாசலில் கொடுக்கிறார்.

உள்ளே வருமுன் முகத்தைத் தொங்கப் போடவும். யார் கேட்டாலும் கஷ்டம் என்று சொல்லவும். தீர்த்து வைக்கிறேன் என்று யாராவது வந்தால் குழு கேட்கவும். சிரிப்பு வந்தால் கழிவறைக்குப் போகவும். ஈரக் கையோடு திரும்பி வரலாம்.

அதை ஒருவரும் தூக்கிப் போடுவதில்லை. வாசலிலேயே நின்று கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். நான் எழுதியவற்றில் அப்படிப் படிக்கப்படுவது இன்றுவரை அது ஒன்றுதான்.